பின்னால் போகும் சீட்டும் பாஸ் அக்காவும்

வண்டியில் பழுது என்று கொண்டுபோனால் அந்த அக்கா முதலில் வண்டியைப் பார்க்க மாட்டார். கொண்டுபோன ஆளைத்தான் பார்ப்பார். பிறகு ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் காலால் நம் பக்கம் தள்ளிவிட்டு, "உக்காருங்க. யாரு மேல சந்தேகம்?" என்பார்.

எல்லாருக்கும் யார் மேலாவது சந்தேகம் இருக்கும். பேட்டரி மேல், பியூஸ் மேல், போன வாரம் சர்வீஸ் செய்தவன் மேல், எதுவுமே இல்லாவிட்டால் எலி மேல். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "அது செஞ்சதை நீங்க பார்த்தீங்களா?" யார் பார்த்தது? "அப்ப பாவம், அதை விடுங்க. மொதல்ல அளந்து பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டே கொண்டையில் செருகியிருக்கும், வயரில் கரண்ட் இருந்தால் எரிகிற டெஸ்ட் லாம்பை உருவுவார். மற்றப் பெண்கள் பூ வைக்கிற இடத்தில் அவருக்கு அதுதான் இருக்கும்.

குருவிட்ட தாண்டி இரத்தினபுரி போகிற ரோட்டில், ஒரு பெட்ரோல் செட்டுக்குப் பின்னால் அவருடைய தகரக் கொட்டகை இருந்தது. போர்டு கிடையாது. தொழில் தெரிந்த ஆளை எங்கள் பக்கம் 'பாஸ்' என்போம். மேசன் பாஸ், தச்சுப் பாஸ் என்று. அதனால் சிங்களவர்கள் அவரை 'பாஸ் அக்கா' என்றார்கள், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். என்னைவிட இரண்டு வயது இளையவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். இதில் என்ன கோளாறு என்று இரண்டு பேரும் யோசித்ததே இல்லை.

நான் அப்போது மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், அதை நடத்துகிற பெரிய தொரைக்கு டிரைவர். சும்மா சொல்லக் கூடாது, ஆரம்பத்தில் எனக்கு அக்காவைக் கண்டாலே எரிச்சல்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவருக்கோ கோபமே வராது. அவசரமாக ஓடிப்போய் "ஜீப்புல ஹாரன் அடிக்கல, எலி வயரைக் கடிச்சிருச்சு" என்றால், "எலியைப் பார்த்தீங்களா?" என்று நிதானமாகக் கேட்கிற ஆளிடம் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அன்று பியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஹாரன் பியூஸ் இருக்க வேண்டிய இடம் காலி. பக்கத்தில், ரேடியோவுக்கு உரிய இடத்தில், அது ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. முந்திய வாரம் கிரிக்கெட் கொமென்ட்ரி கேட்க நானே பிடுங்கி மாட்டியதுதான். "எலி பலே கெட்டிக்கார எலிங்க அண்ணே, பியூஸ் நம்பர் எல்லாம் வாசிச்சிருக்கு" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் பழுது பார்க்கிற விதமே வேறு. பேக்கரியிலிருந்து பாண் கொண்டுவந்து விற்கிற த்ரீவீல் ஒன்று வந்தது. பாட்டுப் போட்டுக்கொண்டு ஊர் ஊராக வருமே, அந்த வண்டி. அதில் பாட்டு நினைத்த நேரத்தில் தானாகப் பாட ஆரம்பித்துவிடுகிறதாம். ஒரு செத்த வீட்டைத் தாண்டும்போது குதூகலமாகப் பாடப் போய், ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து அடிக்க வந்துவிட்டார்கள். பாண்காரர் அழாத குறை. பாட்டுப் பெட்டியை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. மூன்றாவதாக ஒரு புதுப் பெட்டியையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

அக்கா பெட்டியைத் தொடவே இல்லை. "அந்தச் செத்த வீடு ரோட்டுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"அது எதுக்கு அக்கா? பழுது பெட்டியிலதானே..."

"எந்தப் பக்கம்னு சொல்லுங்க."

"வலது பக்கம். ரோடு அங்க வலது பக்கமா வளையும்."

"சரி, ஹேண்டிலை வலது பக்கம் திருப்புங்க."

திருப்பினார். பாட்டு ஆரம்பித்தது. இடது பக்கம் திருப்பினார், நின்றது. ஹேண்டில் கழுத்துக்குக் கீழே ஒரு வயர் உரசி உரசித் தோல் உரிந்து கிடந்தது, அவ்வளவுதான். ஒரு துண்டு டேப்பில் முடிந்த வேலை. "இவ்வளவு நாளா வலது பக்கம் இருக்கிற சனத்துக்கு மட்டுந்தான் பாண் வித்திருக்கீங்க" என்று சொல்லி, புதுப் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அனுப்பினார்.

இந்தத் தொழிலை எங்கே படித்தார் என்று கேட்டால் இரத்தினபுரியில் ஒரு பயிற்சி நிலையத்தைச் சொல்வார். அந்த வகுப்பில் அவர் மட்டும்தான் பெண். தோட்டத்துப் பிள்ளையும் அவர் மட்டும்தான். கடைசிப் பரீட்சையில் கரண்டைத் திறந்து மூடுகிற ஒரு ரிலேயைக் கொடுத்து, இது ஏன் கெட்டது என்று எழுதச் சொன்னார்களாம். அக்கா அளந்து பார்த்துவிட்டு, ரிலே நன்றாக இருக்கிறது, மேசையில் கரண்ட் வருகிற வயர்தான் அறுந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். மாஸ்டருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "மார்க்கைக் கொறைச்சுட்டாரு. கொறைச்சா கொறைச்சிட்டுப் போறாரு. அந்த ரிலேயைக் குப்பையில போடாம காப்பாத்திட்டேன்ல" என்று சொல்லிச் சிரிப்பார். ரிலேக்கு நடந்த நல்லதை அவர் உண்மையாகவே ஒரு வெற்றியாக நினைத்தார். அதுதான் எனக்கு அப்போது பிடிபடவில்லை.

அக்கா வாதாடினால் குற்றவாளி தப்பித்துவிடுவான் என்று நினைக்க வேண்டாம். அவர் இருந்த லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், கோழிக்குஞ்சுகள் காணாமல் போயின. எல்லாரும் ஒரு கறுப்பு நாயைச் சொன்னார்கள். அக்கா வழக்கம்போல "பார்த்தீங்களா?" என்று நடுவில் போய் நின்றார். சனம் முணுமுணுத்தது. 'இவளுக்கு நாய் மேல இருக்கிற பாசம் மனுசன் மேல இல்ல' என்றுகூடப் பேசினார்கள். அவர் நாயைத் தன் வீட்டில் மூன்று நாள் கட்டி வைத்தார், ஒரு குஞ்சும் போகவில்லை. அவிழ்த்துவிட்டார், மறுநாளே இரண்டு போயின. உடனே வீடு வீடாகப் போய், "நாய்தான். அளந்தாச்சு. இனி என்ன செய்யணுமோ செய்ங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். நாய் மேல் அவருக்கு ஒரு பாசமும் இல்லை. தெரியாததைத் தெரிந்தது போல யாராவது சொன்னால்தான் அவருக்கு உடம்பு கூசும்.

இப்போது அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் டயர் கடை இருக்கிறது. அக்கா வெளிநாடு போய்விட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். மகளைக் கட்டிக் கொடுத்த ஊரில் இருக்கிறார் என்று சிலர். நான் பார்க்கவில்லை, அதனால் சொல்ல மாட்டேன். இப்படிப் பேச என்னைப் பழக்கியது அந்த ஒரு கார்தான்.

தொரை கொழும்பில் ஒரு ஜப்பான் கார் வாங்கினார். யாரோ ஓட்டிய கார்தான், ஆனால் உள்ளே உட்கார்ந்தால் பங்களா ஹோலில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். டிரைவர் பக்கக் கதவில் 1, 2 என்று இரண்டு பட்டன். ஒருவர் தனக்கு வசதியாக சீட்டை வைத்து ஒன்றில் பதிந்துவிட்டால், பிறகு அதை அமுக்கியதும் சீட் தானாக அந்த இடத்துக்குப் போய் நிற்கும். ஒன்று தொரைக்கு, இரண்டு எனக்கு. காலையில் தோட்டத்துக்குள் தொரையே ஓட்டுவார், வெளியே போவதென்றால் நான். நான் ஐந்தடியைத் தாண்டிக் கொஞ்சம்தான். என் பட்டனை அமுக்கினால் சீட் முனகிக்கொண்டு முன்னால் வந்து மேலே ஏறும். தொரையின் பட்டனுக்குப் பின்னால் போய்க் கீழே இறங்கும். காலமெல்லாம் ஜீப்பில் தோட்டம் சுற்றியதில் தொரைக்கு முதுகு போயிருந்தது. சீட் ஒரு விரல் தள்ளியிருந்தாலும் "அம்மோ!" என்று துடித்துவிடுவார். அந்தப் பட்டனுக்காகத்தான் அவர் அந்தக் காரையே வாங்கினார்.

வாங்கி இரண்டு மூன்று மாதம் இருக்கும். ஒரு காலையில் தொரை கதவைத் திறக்கிறார். சீட் கடைசிவரைக்கும் பின்னால் போய், சாய்ந்து, மல்லாந்து கிடக்கிறது.

"நல்ல தூக்கமா, டிரைவர்?" என்று கேட்டார். தொரை சிங்களவர்தான், ஆனால் தோட்டத்திலேயே காலம் போனவர். எங்கள் தமிழைத்தான் பேசுவார்.

"ஐயோ, நான் இல்லைங்க தொரை."

பத்து நாளில் மறுபடியும். பிறகு மறுபடியும். தொரை காரை டவுனில் ஒரு பெரிய கராஜுக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேனர் மாட்டிப் பார்த்துவிட்டு, காரில் ஒரு பிழையும் இல்லை, யாரோ பட்டனை அமுக்கியிருக்கிறார்கள் என்றுதான் காட்டுகிறது என்று தாளில் அடித்தே கொடுத்துவிட்டார்கள். மெஷினே சொன்ன பிறகு மனுசன் பேச்சு எடுபடுமா? தொரை அந்தத் தாளை என் முன்னால் நீட்டினார். "இன்னொரு தடவை சீட் போனா, சாவியும் குவாட்டர்ஸும் குடுத்துட்டுப் போயிரு. எனக்குப் பொய் சொல்ற ஆள் வேணாம்."

குவாட்டர்ஸ் என்றால் பங்களாவுக்குப் பின்னால் இருந்த எட்டு வீட்டு வரிசையில் கடைசி வீடு. ஒரு அறை, பின்னால் சமைக்கத் தனிக் கதவோடு ஒரு குசினி, முன்னால் திண்ணை மாதிரி கூரை இறக்கிய ஒரு இஸ்தோப்பு. பெரிய மாளிகை இல்லை. ஆனால் என் மகள் அந்த வருஷம்தான் ஓ.எல் பரீட்சை எழுத வேண்டும். பள்ளிக்கூடம் கீழே டவுனில். வீடு போனால் கேகாலைப் பக்கம் மாமனார் லயத்துக்குத்தான் போக வேண்டும். பிள்ளையின் பரீட்சை அதோடு சரி. வேலை போவதைவிட அதுதான் எனக்குப் பயம்.

நான் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அப்படியானால் யார்? யோசித்தேன். யோசிக்க யோசிக்க எல்லாம் ஒரே ஆளிடம் போய் நின்றது. என் மச்சினன்.

மனைவியின் தம்பி. மாணிக்கக்கல் தோண்டுகிற குழியில் தண்ணீர் இறைக்கிற வேலைக்காகக் கேகாலையிலிருந்து வந்து நாலு மாதமாக எங்களோடு இருந்தான். ஆறடி உயரம். சீட் அந்த அளவுக்குப் பின்னால் போக வேண்டும் என்றால் ஆறடி ஆள்தான் படுத்திருக்க வேண்டும். அது போகட்டும். சீட் மல்லாந்து கிடந்தது எப்போது? மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும். அவன் படுப்பது எங்கே? இஸ்தோப்பில். மழை பெய்தால் இஸ்தோப்பில் சாரல் அடித்துத் தரை குளமாகிவிடும். இருபது அடி எடுத்து வைத்தால் தொரையின் கார். மெத்தை சீட். பூட்டி வைத்தாலும் சாவி என் சட்டைப் பையில், சட்டை கொடியில். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கத்தினேன். வரிசையில் உள்ள எட்டு வீட்டுக்கும் கேட்கும்படி கத்தினேன். "எங்க அடிவயித்துல கைய வச்சிட்டியேடா!" என்றேன். அக்கம்பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டு வைத்து, தொரை காரில் படுத்து என் வேலையைக் கெடுத்தவன் இவன்தான் என்று காட்டினேன். அவன், "நான் இல்ல மாமா" என்று ஒரு தடவை சொன்னான். அப்புறம் துணிப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான். மனைவி அன்றிலிருந்து என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். சோறு வேண்டுமா, வேண்டாமா என்பதோடு சரி.

நாலு நாள் கழித்து மழை பெய்தது. விடியற்காலையில் ஓடிப்போய்ப் பார்த்தேன். சீட் பின்னால் போய்க் கிடந்தது.

நியாயமான மனுசனாக இருந்தால் அப்போதாவது 'சே, அவன் இல்லை போலிருக்கிறதே' என்று தோன்ற வேண்டாமா? எனக்குத் தோன்றவில்லை. திருட்டுச் சாவி போட்டுவிட்டான் என்றுதான் தோன்றியது! கேகாலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, தொரை காரில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு, விடிவதற்குள் திரும்பிப் போகிறான் என்று நம்பினேன் என்றால் என் மூளையை என்ன சொல்வது. தொரை வருவதற்குள் ஒன்றை அமுக்கி சீட்டைச் சரியாக்கிவிட்டு, அன்றே அக்காவிடம் ஓடினேன்.

"ஒரு அலாரம் பூட்டித் தாங்க அக்கா. காரைத் தொட்டாலே ஊரு கூடணும்."

"உக்காருங்க. யாரு மேல சந்தேகம்?"

எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அவரு கார்ல படுத்ததை நீங்க பார்த்தீங்களா?"

"பாக்கணுமா அக்கா? மழை பேஞ்சாத்தான் சீட் போகுது. மழை பேஞ்சாத்தான் அவனுக்குப் படுக்க எடம் இல்ல. கணக்கு சரியா இல்லையா?"

"மழை பேஞ்சாத்தான் போகுதா?" அக்காவின் கண் விரிந்தது. "ஏன் அண்ணே, மழை ஒங்க மச்சினனுக்கு மட்டுமா பேயுது? காருக்கும்தானே பேயுது."

எனக்கு அது விளங்கவில்லை.

"சனிக்கிழமை காரைக் கொண்டு வாங்க. தொரையையும் கூட்டிட்டு வாங்க."

"தொரை எதுக்கு அக்கா?"

"குத்தம் சொன்னவரு கண்ணால பாக்கணும். பொறகு நான் சொன்னேன், நீங்க சொன்னீங்கன்னு வேணாம்."

நான் கெஞ்சிக் கூத்தாடியதில் தொரை வந்தார். முதுகில் கை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார மாட்டேன் என்று நின்றார். அக்கா சீட்டில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை அமுக்கினார், இரண்டை அமுக்கினார். முன்னால், பின்னால், மேலே, கீழே எல்லாப் பக்கமும் நகர்த்திக் காதால் கேட்டார். "மோட்டர் நல்லாருக்கு. ஞாபகமும் நல்லாருக்கு, வச்ச எடத்துல கரெக்டா நிக்குது." கதவு அட்டையைக் கழற்றிப் பட்டன்களுக்கு மீட்டர் வைத்தார். "இதுங்க மேலயும் குத்தமில்ல. சரி, இப்ப மழை பேயட்டும்."

ஹோஸ் பைப்பை எடுத்தார். கூரை மேல் அடித்தார். பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் இல்லை. கதவுகளில் அடித்தார். ஒன்றும் இல்லை. தொரை கடிகாரத்தைப் பார்த்தார். முன் கண்ணாடியின் அடி ஓரத்தில் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு, உள்ளே கையை விட்டு விரிப்பைத் தடவினார். "இங்க இறங்குதுங்க தண்ணி" என்று சொல்லி, பைப்பை மூடி, கதவுகளைச் சாத்தினார். "இனி யாரும் தொடாதீங்க."

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ர்ர்ர் என்று ஒரு சத்தம். காருக்குள் யாரும் இல்லை. சீட் மெதுவாகப் பின்னால் போனது. கடைசிவரைக்கும் போனது. பிறகு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அப்படியே சாய்ந்து மல்லாந்தது.

தொரை ஒரு அடி பின்னால் வைத்து, "அம்மோ!" என்றார். நான் தொரைக்குப் பின்னால் போய் நின்றேன். அக்கா மட்டும், சொன்ன நேரத்துக்கு விருந்தாளி வந்துவிட்டது போலச் சிரித்தார்.

நாலு போல்ட்டையும் கழற்றி சீட்டைப் புரட்டினார். அடியில் வயர்கள் கூடுகிற ஒரு பிளாஸ்டிக் கப்ளர். அதன் வாயெல்லாம் பச்சை பூத்திருந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு பாக்கு மாதிரி கறுத்துச் சுருங்கி ஏதோ ஒன்று. குறட்டால் பிடுங்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"எலுமிச்சம்பழங்க" என்றார். "நசுங்கி, சாறு கப்ளருக்குள்ள இறங்கியிருக்கு. காஞ்சு கெடந்தா சும்மா இருக்கும். ஈரம் பட்டா ரெண்டு கம்பியையும் சேர்த்துப் பிடிச்சுக்கும். காருக்கு அது யாரோ பின்னால போற பட்டனை அமுக்குற மாதிரிதான். அந்த ஸ்கேனர் பொய் சொல்லலைங்க. அமுக்குனது ஆள்தான்னு முடிவு பண்ணினதுதான் தப்பு."

அந்தப் பழத்தின் சுருக்கத்தில் இன்னும் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருந்தது.

கார் வந்த அன்று நாலு டயருக்கும் நாலு பழம் வைத்து ஏற்றி நசுக்கினோம். தொரையும் சிரித்துக்கொண்டே பார்த்தார். முன்னால் ஒரு பழமும் மிளகாயும் கோத்துக் கட்டப் போனபோதுதான், அழகான காரில் அதெல்லாம் தொங்க வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய காருக்குக் கண்ணூறு படாமல் இருக்குமா? கட்டாமல் விட்டு, நாளைக்கு ஒரு பள்ளத்தில் உருண்டால்? யாரும் பார்க்காத நேரத்தில் அந்தப் பழத்தை சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். சாமி சத்தியமாக, அதோடு மறந்தே போனேன். தொரையின் பட்டனை நான் அமுக்க அமுக்க, சீட் கீழே இறங்கி அதை நசுக்கியிருக்கிறது.

"யாரு வச்சது இது?" தொரை அக்காவைக் கேட்டார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. என் முகத்தில் வழிந்த வேர்வை அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. "எனக்குத் தெரியாதுங்க. வச்சதை நான் பார்க்கல" என்றார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். முன்பு ஓட்டிய ஜப்பான்காரன் வைத்தது என்று சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஆனால் ஜப்பான்காரன் குங்குமம் வைப்பானா? அதோடு, அந்த அக்கா முன்னால் நின்றுகொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நான்தாங்க தொரை. கண்ணூறுக்கு வச்சேன்."

தொரை என்னைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார், மல்லாந்து கிடந்த சீட்டைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து, முதுகு பிடித்துக்கொண்டு, "அம்மோ, அம்மோ" என்று அந்தப் பிளாஸ்டிக் கதிரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லிவிட்டு, "நான் ஒன்ன தப்பா பேசிட்டேன், டிரைவர். சாவி ஒன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். ஒரு தொரை நாலு பேர் பார்க்க டிரைவரிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீடு தப்பியது, பிள்ளையின் பரீட்சை தப்பியது. தொரை டீ குடிக்க ரோட்டுப் பக்கம் போனதும் எனக்கு வாய் திறந்துகொண்டது. "பாருங்க அக்கா, ஒன்னும் செய்யாத மனுசன் மேல எப்படிப் பழி போட்டாங்க! மூனு வாரம் நான் சரியாச் சாப்பிடல. ஒரு வார்த்தை விசாரிச்சாங்களா? அந்தக் கராஜ்காரன் எல்லாம் ஒரு மனுசனா?" என்று பொரிந்து தள்ளினேன். அக்கா ஒரு பழைய பல் பிரஷ்ஷால் கப்ளரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலேயே கேட்டார்.

"ஆமா அண்ணே, மழை பேஞ்சா ஒங்க மச்சினன் எங்கதான் படுத்தாரு?"

நாலு மாதம் என் வீட்டில் இருந்தவன். எனக்குத் தெரியவில்லை.

அக்கா கப்ளரை ஊதிக் காயவைத்து, கிரீஸ் தடவி மாட்டினார். கண்ணாடி ஓரத்து ஓட்டையை அடைத்தார். மறுபடியும் தண்ணீர் அடித்துப் பார்த்து, சீட் நகரவில்லை என்பதைத் தொரையைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் சாவியைக் கொடுத்தார். பழத்தை ஒரு தாளில் சுற்றி என் கையில் வைத்தார்.

மறுநாள் ஞாயிறு. கேகாலைக்குப் புறப்பட்டேன். மனைவி சேலையை மாற்றிக்கொண்டு கூடவே வந்து பஸ்ஸில் ஏறினாள். மச்சினன் அவர்கள் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். கையெல்லாம் ரப்பர் பால் காய்ந்து கிடக்க வெளியே வந்தான். எலுமிச்சம்பழக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவான் என்று பார்த்தால் விழுந்து விழுந்து சிரித்தான். "எலுமிச்சம்பழமா மாமா! நான் பேய்தான்னு நெனச்சேன்."

"மழை பேஞ்சா நீ எங்கடா படுத்த?"

தலையைச் சொறிந்தான். தன் அக்காளை, என் மனைவியைப் பார்த்தான்.

"படுக்கல மாமா. பின்கதவால குசினிக்குள்ள போய், அடுப்புக்கிட்ட உக்காருற பலகைய போட்டு உக்காந்துக்குவேன். கங்கு சூடு இருக்கும். விடிஞ்சா மழை விட்டுரும்தானே."

"உள்ள வந்து படுக்கிறதுக்கு என்ன?"

"இருக்கிறது ஒரு அறை. பாப்பா லைட்டப் போட்டுப் படிச்சிக்கிட்டிருக்கும். நான் நீட்டிப் படுத்தா அது எங்க உக்காரும்?"

மனைவி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கம் நான் வாழ்நாளில் பட்டதில்லை. "கிளம்புடா, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

"வாறேன் மாமா. ஆனா அங்க எல்லாருகிட்டயும் நான்தான்னு சொல்லிட்டீங்க. மொத அதை இல்லன்னு சொல்லிருங்க. பொறகு வாறேன்." அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

எங்கள் வரிசையில் எங்களைத் தவிர ஏழு வீடு. ஒவ்வொரு வாசலிலும் நின்று, அவன் இல்லை, நான் வைத்த எலுமிச்சம்பழம்தான் என்று சொன்னேன். ஏழு வீட்டிலும் தேத்தண்ணி கொடுத்து, ஏழு வீட்டிலும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன்.

அடுத்த வாரம் அவன் பையோடு வந்தான். வந்த அன்றே மழை. மனைவி அறையில் அவனுக்குப் பாயை விரித்துவிட்டு, என் தலையணையை எடுத்து என் கையில் கொடுத்தாள். "நீங்க இஸ்தோப்புல படுங்க" என்றாள். பல நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முழு வாக்கியம் அது. படுத்தேன். சாரல் அடித்துப் பாய் நனைந்ததும் எழுந்து, பின்பக்கமாகச் சுற்றிக் குசினிக்குள் போனேன். பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் என்னாலேயே காலை நீட்ட முடியவில்லை. அந்த ஆறடி ஆள் இதில் எப்படி உட்கார்ந்திருந்தான் என்று விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.